ஸ்ட்ராஸ்பர்க், பென்சில்வேனியா: பெரியவர்களோடு இரண்டு நாள், எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

வடக்குவாசல் எழுதியது:

ஜூன் நடுவில் ஒரு சனி, ஞாயிறு லங்காஸ்டர் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். நியூ ஜெர்சி எடிசனிலிருந்து சொந்தக் காரில். கூட வருவது ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, அப்பா, எட்டு வயதுப் பையன். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறி இறங்கக் கஷ்டம். அப்பா ரயில்வே லோகோ ஷெட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். அதனால்தான் லங்காஸ்டர் நகரத்தை விட்டு ஸ்ட்ராஸ்பர்க்கில் தங்கலாம் என்று யோசனை.

தெரிய வேண்டியவை: ஸ்ட்ராஸ்பர்க் உண்மையிலேயே ஆமிஷ் (கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போகும் பழமைவாதக் கிறிஸ்தவப் பிரிவு) ஊரா? ஊருக்கென்று சரித்திரம் இருக்கிறதா, இல்லை வெறும் டூரிஸ்ட் கடைத்தெருவா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? ஆமிஷ்காரர்களைப் போட்டோ எடுக்கலாமா? "அருமையான இடம், கட்டாயம் போங்க" ரகப் பதில் வேண்டாம், விவரம் வேண்டும்.

---

கல்தூண் எழுதியது:

முதலில் நாளை மாற்றுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். வெள்ளி, சனி என்று வையுங்கள். ஞாயிறு ஆமிஷ் கடை ஒன்றும் திறக்காது. பண்ணை வாசலில் இருக்கும் பலகையிலேயே ஞாயிறு விற்பனை இல்லை என்று எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு மாதா கோயில் கட்டடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டிலோ களஞ்சியத்திலோ கூடித்தான் வழிபாடு. ஞாயிறு காலையில் ஒரே பண்ணை முற்றத்தில் வரிசையாகச் சாம்பல் நிறக் கூண்டு வண்டிகள் நின்றால் அதுதான் காரணம். வேடிக்கை பார்க்க நிறுத்தாமல் கடந்து போங்கள்.

அடுத்தது, ஸ்ட்ராஸ்பர்க் ஆமிஷ் ஊர் அல்ல. ஆமிஷ் மக்கள் ஊருக்குள் குடியிருப்பதில்லை, சுற்றிலும் உள்ள பண்ணைகளில்தான். அந்த வட்டாரத்தில் அவர்கள் எண்ணிக்கை 40,000க்கு மேல். ஆனால் ஆமிஷ் கிராமம் என்று வேலி போட்டுக் காட்டக்கூடிய ஊர் ஒன்று எங்கும் கிடையாது. "ஆமிஷ்" என்று பெரிய போர்டு வைத்திருக்கும் இடங்களில் பலவும் ஆமிஷ் அல்லாதவர்கள் நடத்துவது.

ஊரின் சரித்திரத்துக்கு வருவோம். இந்தப் பக்கம் முதலில் குடியேறிய ஐரோப்பியர்கள் ஆமிஷ் அல்ல, மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். ஸ்விட்சர்லாந்திலும் ரைன் ஆற்றங்கரையிலும் துரத்தப்பட்டவர்கள். 1710இல் பிக்வே ஓடையை ஒட்டி 10,000 ஏக்கருக்கு உரிமை வாங்கினார்கள். அவர்களில் ஒரு குடும்பம் 1719இல் கட்டிய கல்வீடு, ஹான்ஸ் ஹெர் வீடு, ஸ்ட்ராஸ்பர்க்குக்கு மேற்கே வில்லோ ஸ்ட்ரீட்டில் இன்றும் நிற்கிறது. மாவட்டத்திலேயே பழைய வீடு அதுதான். 1693இல் ஜேக்கப் அம்மான் என்ற போதகர் மென்னோனைட்டுகளிடமிருந்து பிரிந்துபோன பிரிவே ஆமிஷ். அவர்கள் கடல் தாண்டி இங்கே வந்தது ஒரு தலைமுறை கழித்து.

ஹான்ஸ் ஹெர் வளாகத்திலேயே பூர்வகுடிகளின் நீண்ட மரப்பட்டை வீடு ஒன்றை மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு வராதீர்கள். இந்த மண்ணில் இருந்த கானஸ்டோகா மக்களில் கடைசி 20 பேர் 1763 டிசம்பரில் பாக்ஸ்டன் பக்கத்துக் குடியேறிகளின் கும்பலால் கொல்லப்பட்டார்கள். 6 பேர் அவர்கள் ஊரில், பாதுகாப்புக்காக லங்காஸ்டரில் அடைத்து வைத்திருந்த 14 பேர் இரண்டு வாரத்துக்குள். "அமைதி தவழும் ஆமிஷ் நாடு" என்று அச்சடிக்கும் துண்டுப் பிரசுரங்களில் இது வராது.

ஸ்ட்ராஸ்பர்க் வளர்ந்தது வண்டிப்பாதையால். ஃபிலடெல்ஃபியாவுக்கும் லங்காஸ்டருக்கும் நடுவே சரக்கு ஏற்றிப்போன கானஸ்டோகா பார வண்டிகள் இந்த மெயின் ஸ்ட்ரீட் வழியாகத்தான் போயின. சத்திரம், கொல்லுப்பட்டறை, சேணம் தைப்பவர் என்று ஊரே வண்டிக்காரர்களை நம்பியிருந்தது. 1790களில் 62 மைல் நீளத்துக்குக் கல் பாவிய சுங்கச்சாலை போட்டார்கள். அது வடக்கே பாரடைஸ் வழியாகப் போய்விட்டது. 1834இல் திறந்த ஃபிலடெல்ஃபியா–கொலம்பியா ரயில் பாதையும் அப்படியே வடக்கே போனது. ஆக இரண்டு முறை ஒதுக்கப்பட்ட ஊர். வியாபாரம் போனதால் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டப் பெரிய தேவை வரவில்லை. அதனால்தான் மெயின் ஸ்ட்ரீட்டில் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு மரக்கட்டை வீடும் கல்வீடும் செங்கல் வீடும் இன்றும் வரிசையாக நிற்கின்றன.

741ஆம் எண் சாலையும் 896ஆம் எண் சாலையும் வெட்டும் சதுக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மேற்கே அரை மைல் நடந்து வாருங்கள். வீடுகள் நடைபாதையை ஒட்டியே எழும்பியிருக்கும், முன்புறத் தோட்டம் இருக்காது. வண்டிப்பாதை ஊரின் அடையாளம் அது. அம்மாவுக்கு நடக்க முடியாவிட்டால் சதுக்கத்திலேயே ஐஸ்கிரீம் கடை இருக்கிறது, உட்காரலாம்.

---

கரிப்புகை எழுதியது:

கல்தூண் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், அப்பாவுக்கு வேண்டியது இதுதான்.

ரயில் பாதை வடக்கே போகப்போகிறது என்று தெரிந்ததுமே ஊர்க்காரர்கள் 1832இல் சொந்தமாக ஒரு ரயில் கம்பெனிக்கு உரிமம் வாங்கினார்கள். மெயின் லைனைத் தொட 4.5 மைல் கிளைப்பாதை, அவ்வளவுதான். 1850கள் வரை இழுத்தது குதிரைதான், பிறகே நீராவி. 1950களின் கடைசியில் பாதை கிட்டத்தட்டச் செத்துவிட்டது. 1958இல் ரயில் ஆர்வலர்கள் சிலர் பணம் போட்டு வாங்கி, 1959இல் பயணிகள் ரயிலாக ஓட்ட ஆரம்பித்தார்கள். அதே கம்பெனி, அதே உரிமம். பயணிகள் போக இன்றும் கொஞ்சம் சரக்கும் ஏற்றுகிறார்கள். மற்ற ஊர் ரயில்களின் பாய்லர், சக்கர வேலையும் இவர்கள் பட்டறைக்கு வருகிறது.

போய்வர சுமார் 45 நிமிடம். மறுமுனையான லீமன் பிளேஸில் எஞ்சினைத் திருப்பும் மேடை கிடையாது. எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் ஓட்டி, ரயிலின் அந்தப் பக்க முனையில் கோர்ப்பார்கள். அதனால் ஒரு திசையில் எஞ்சின் முகம் முன்னால், மறு திசையில் டெண்டர் (கரியும் தண்ணீரும் ஏற்றிய பின்பெட்டி) முன்னால். கழற்றிக் கோர்க்கும் சில நிமிடங்களில் பக்கத்து மெயின் லைனில் ஆம்ட்ராக் மின்சார ரயில் பறந்தால் அதிர்ஷ்டம். அப்பாவைக் கோர்க்கும் பக்கம் உட்காரவையுங்கள்.

எந்த எஞ்சின் அன்றைக்கு என்பது முறைவைத்து மாறும். 90ஆம் எண் 1924இல் பால்ட்வின் கம்பெனி கட்டியது, 2-10-0 (முன், நடு, பின் சக்கரங்களின் எண்ணிக்கை), கொலராடோவில் சர்க்கரைக் கிழங்கு ரயில் இழுத்தது. 475ஆம் எண் 1906, 4-8-0. அந்தச் சக்கர அமைப்பில் ஓடும் நிலையில் உள்ள எஞ்சின் அமெரிக்காவில் அபூர்வம். 89ஆம் எண் 1910, 2-6-0, கனடாவிலிருந்து வந்தது.

பெட்டியில் கவனம். சாதாரணப் பெட்டி, திறந்த பெட்டி, முதல் வகுப்பு, சாப்பாட்டுப் பெட்டி என்று உண்டு. திறந்த பெட்டியில் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் கரித்துகள் கண்ணில் விழும். எஞ்சினை ஒட்டிய பெட்டி என்றால் இன்னும் மோசம். பையனுக்குக் கண்ணாடி மாட்டுங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம். பழைய பெட்டிகளின் படி செங்குத்து. அம்மா விஷயத்தை டிக்கெட் போடும்போதே சொல்லி ஏற வசதியான பெட்டி கேளுங்கள், பிளாட்ஃபாரத்தில் வந்து கேட்டால் இடம் இருக்கும் என்பது நிச்சயமில்லை. தாமஸ் எஞ்சின் (குழந்தைகள் கதையில் வருவது) வரும் வார இறுதிகளை அவர்கள் இணையதளத்தில் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள், கார் நிறுத்தவே பாடு.

ஆமிஷ் நிலத்தைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து. ரயில் அவர்கள் வயல்களுக்கு நடுவில் போகிறது, நாம் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. ஜூனில் மக்காச்சோளம் முழங்கால் உயரம்தான். ஆகஸ்டில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிடும், ஜன்னலில் பச்சைச் சுவர்தான் தெரியும். ஜூனில் கோவேறு கழுதைகள் பூட்டி குதிரைமசால் அறுப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு.

சாலைக்கு எதிர்ப்புறம் பென்சில்வேனியா ரயில்வே மியூசியம், மாநில அரசுடையது, 1975இல் திறந்தது. எஞ்சினும் பெட்டியுமாக நூற்றுக்கு மேல். அப்பாவுக்கு இரண்டு மணி நேரம் போதாது, மூன்று ஒதுக்குங்கள். கட்டாயம் தேட வேண்டியவை இரண்டு. ஒன்று, 460ஆம் எண் எஞ்சின். 1927 ஜூனில், அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த லிண்ட்பர்க்குக்கு வாஷிங்டனில் நடந்த வரவேற்பைப் படம்பிடித்த ஃபிலிமை நியூயார்க்குக்குக் கொண்டுபோனது. போட்டிக் கம்பெனிகள் விமானத்தில் அனுப்பின. ரயிலில் அனுப்பியவர்கள் அதன் லக்கேஜ் பெட்டியிலேயே ஃபிலிமைக் கழுவிப் பிரதி எடுத்துவிட்டதால் திரையரங்குக்கு முதலில் போய்ச் சேர்ந்தது ரயில் ஃபிலிம்தான். இன்னொன்று, 4800ஆம் எண் மின்சார எஞ்சின், 1934. ஜிஜி1 வகையில் முதலாவது. உடம்பு முழுக்க ரிவெட் அடித்தது, அடுத்து வந்தவை எல்லாம் வெல்டிங். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ரிவெட் வரிசை தெரியும். எஞ்சினுக்கு அடியில் இறங்கிப் பார்க்கும் குழியும் உண்டு. அம்மாவுக்கு அது வேண்டாம், மற்றது சமதளம்.

பையனுக்கு: பொம்மை ரயில் மியூசியம் ஒன்று, சூ சூ பார்ன் என்ற பெரிய மாதிரி ரயில் உலகம் ஒன்று, இரண்டும் பக்கத்திலேயே. ஒன்று போதும் என்றால் சூ சூ பார்ன். 1961இலிருந்து பொதுமக்களுக்குக் காட்டுகிறார்கள். அதில் ஒரு வீடு தீப்பிடிக்கும், தீயணைப்பு வண்டி வந்து அணைக்கும். பையன் அங்கிருந்து நகரமாட்டான்.

---

வாணலி எழுதியது:

சாப்பாட்டுக்கு நான் வரேன். சைவம்னா இந்தப் பக்கம் கொஞ்சம் உஷார் வேணும்.

பென்சில்வேனியா டச்சு, அதாவது இங்க குடியேறின ஜெர்மன்காரங்க சமையல்ல காய்கறின்னு வைக்கிறதுலயும் இறைச்சி இருக்கும். பீன்ஸ் பாக்க சாதுவா இருக்கும், பன்றித் தொடைக்கறியோட வெந்திருக்கும். "சிக்கன் பாட் பை"னா பை இல்ல, சதுரமா வெட்டின மாவுத்துண்டு போட்ட கோழிக் குழம்பு. பை, பிஸ்கட் மேலோட்டுல பன்றிக் கொழுப்பு போடுறவங்க இன்னும் இருக்காங்க. "வெண்ணெயா, கொழுப்பா"ன்னு நேரா கேளுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க. நிறம் நிறமா ஆடுற ஜெல்லி சாலட்ல ஜெலட்டின்.

தைரியமா சாப்பிடக்கூடியது: வெண்ணெயைச் சிவக்க விட்டு ஊத்தின நூடுல்ஸ் (கோழிச் சாறுல வேகவெச்சதான்னு மட்டும் கேட்டுக்கோங்க, முட்டை போட்டது), மசிச்ச உருளைக்கிழங்கு, கோல்ஸ்லா, மக்காச்சோளம், சௌ-சௌ. இந்த சௌ-சௌ நம்ம ஊர்க் காய் இல்ல. காலிஃப்ளவர், பீன்ஸ், கேரட், சோளம் எல்லாம் இனிப்பு வினிகர்ல ஊறின ஊறுகாய். ஆப்பிள் பட்டர்ல பட்டர் கிடையாது. ஆப்பிளை அதோட சாறுலயே மணிக்கணக்கா கிளறி அல்வா பதத்துக்குக் கொஞ்சம் முன்னாடி இறக்கினது. பாட்டில் வாங்கிட்டு வந்தா தோசைக்குக்கூட ஓடும்.

ஷூஃப்ளை பை மொலாசஸ்ல (கருப்புச் சர்க்கரைப் பாகு) பண்றது, மேல மாவுத்தூள். அடியில ஈரமா இருக்கிற வகையைக் கேளுங்க, காஞ்ச வகை காப்பி இல்லாம இறங்காது. மேலோட்டுக் கேள்வி இதுக்கும் உண்டு.

நீள மேசைல எல்லாரோடயும் உக்கார வெச்சு பாத்திரம் பாத்திரமா கொண்டு வர்ற "குடும்ப பாணி" ஹோட்டல் இருக்கு. தலைக்கு ஒரே விலை. அதுல பாதி இறைச்சி. சைவக்காரங்களுக்கு அது நஷ்டக் கணக்கு, பஃபே பரவாயில்ல. இன்னும் நல்ல வழி: புளியோதரை, தயிர் சாதம் கட்டிட்டு வந்து ரயில்ல க்ராஃப்ஸ் குரோவ் தோப்புல இறங்குங்க. மேசை போட்டிருக்கு. சாப்பிட்டு அடுத்த ரயில்ல ஏறிக்கலாம். எந்த ரயில் நிக்கும்னு ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க, கடைசி ரயிலைத் தவற விட்டா நடைதான்.

ஜூன்னா ஸ்ட்ராபெரி. பண்ணை வாசல்ல சின்ன மேசையில வெச்சிருப்பாங்க, பல இடத்துல ஆளே இருக்க மாட்டாங்க, ஒரு பணப்பெட்டி மட்டும். கார்டு செல்லாது, சில்லறை நோட்டு ஒண்ணும் அஞ்சுமா நிறைய எடுத்துட்டுப் போங்க.

---

வடக்குவாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளி, சனி என்று மாற்றிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, ஆமிஷ் வீட்டுக்குள் போய்ப் பார்க்க ஆமிஷ் வில்லேஜ் என்ற காட்சியகத்துக்கு டிக்கெட் எடுக்கலாமா? "போலி" என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு, குதிரை வண்டிகளுக்கு நடுவில் கார் ஓட்டுவது எப்படி? அதோடு போட்டோ விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

---

கல்தூண் எழுதியது:

ஆமிஷ் வில்லேஜ் எனக்கு உவப்பில்லை. ஆள் இல்லாத வீட்டில் கைடு பேசுவதைக் கேட்டுவிட்டு வருவது. அதற்குப் பதில் ஒரு பண்ணைக் கடையில் அரை மணி நேரம் செலவழிக்கலாம்.

---

மைல்கல் எழுதியது:

கல்தூண் சொல்வது நமக்குச் சரி, பெரியவர்களுக்குச் சரியில்லை. மின்கம்பி இல்லாத வீடு எப்படி ஓடுகிறது என்பதை உள்ளே போய்ப் பார்த்தால்தான் புரியும். புரொப்பேன் வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜ், விளக்கு. டீசல் எஞ்சின் அழுத்திக் கொடுக்கும் காற்றில் ஓடும் தையல் மெஷினும் பட்டறைக் கருவிகளும். ஆமிஷ் விதி மின்சாரத்தையே பாவம் என்று சொல்வதில்லை, வெளியுலகக் கம்பியோடு வீட்டைக் கட்டிப்போடுவதைத்தான் தடுக்கிறது. அதனால்தான் பால் கறக்கும் பண்ணைகளில் டீசல் வைத்துப் பாலைக் குளிரூட்டுகிறார்கள். இல்லையென்றால் பால் கம்பெனி வாங்காது. இதை வாயால் சொன்னால் அப்பா நம்பமாட்டார். ஒரு மணி நேரம், ஒரே ஒரு இடம், அவ்வளவு போதும். 30ஆம் எண் சாலையில் ஆமிஷ் ஃபார்ம் அண்ட் ஹவுஸ் என்று இன்னொன்று உண்டு, 1955இலிருந்து இருப்பது. இரண்டில் ஒன்று பாருங்கள், இரண்டும் வேண்டாம்.

போட்டோ: முகம் தெரிய எடுக்காதீர்கள். எட்ட இருந்து வயலையும் வண்டியையும் எடுப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள். கார் ஜன்னலை இறக்கி ஜூம் போட்டுப் பிள்ளைகளை எடுப்பது அநாகரிகம். "கேட்டால் சரி என்பார்களா" என்றும் கேட்க வேண்டாம், மறுக்க வைத்து அவர்களைச் சங்கடப்படுத்துவதுதான் மிச்சம். அவர்களோடு பேசலாம், தாராளமாக. வீட்டில் பென்சில்வேனியா டச்சு (ஜெர்மன் வழக்கு ஒன்று) பேசினாலும் பள்ளியில் படிப்பது ஆங்கிலம். எட்டாம் வகுப்போடு படிப்பு முடியும். 1972இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்தது.

கார் ஓட்டுவது: கணக்கோடு சொல்கிறேன். 45 மைல் வேகம் என்றால் வினாடிக்கு 66 அடி. குதிரை வண்டி 8 மைல் வேகத்தில், வினாடிக்கு சுமார் 12 அடி. 300 அடி முன்னால் வண்டி தெரிந்தால் ஐந்தரை வினாடியில் அதன் முதுகில் இருப்பீர்கள். மேடு ஏறும் இடங்களில் மறுபக்கம் வண்டி இருக்கிறது என்றே நினைத்து ஓட்டுங்கள். வண்டியின் பின்னால் ஆரஞ்சு முக்கோணம் இருக்கும், அதைப் பார்த்ததுமே காலை எடுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், குதிரை மிரளும். முந்தும்போது நன்றாக விலகிப் போங்கள். முந்தியதும் உடனே உள்ளே வெட்டாதீர்கள், குதிரையின் தலை உங்கள் பின்கண்ணாடியில் தெரிந்த பிறகு வாருங்கள். பெடல் இல்லாத உதைவண்டியில் பிள்ளைகள் ஓரமாக வருவார்கள், அதையும் பாருங்கள். இந்த வட்டாரத்தில் அவர்களுக்குச் சைக்கிளுக்குப் பதில் அதுதான்.

வழி: பென்சில்வேனியா டர்ன்பைக் சுங்கச்சாலையில் வந்து எக்சிட் 298 மார்கன்டவுனில் இறங்குங்கள். சுங்கச்சாவடியில் ரொக்கம் கிடையாது. இ-ஸீபாஸ் (காரில் வைக்கும் சுங்கக் கட்டணக் கருவி) இருந்தால் கட்டணம் குறைவு, இல்லையென்றால் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து பில் வீட்டுக்கு வரும். அங்கிருந்து தெற்கே கேப் வந்து 741ஆம் எண் சாலையைப் பிடித்தால் ஊருக்குள் நுழையும் முன்பே ரயில் நிலையம் வந்துவிடும். ஜிபிஎஸ் 30ஆம் எண் சாலை வழியாக இழுக்கும். வெள்ளி மதியத்துக்கு மேல் அவுட்லெட் கடைகள் இருக்கும் பகுதியில் மாட்டினால் அரை மணி நேரம் போச்சு.

கூரை போட்ட மூடு பாலம் பார்க்க ஆசை இருந்தால் பாரடைஸ் பக்கம் லீமன்ஸ் பிளேஸ் பாலம், 1893, பிக்வே ஓடை மேல். ஒரே வண்டிதான் போக முடியும். உள்ளே மரத்தாலான வளைவுச் சட்டம் பக்கவாட்டில் தெரியும், அதுதான் பளு தாங்குகிறது. கூரை மழைக்கு மரம் உளுத்துப்போகாமல் இருக்க. பாலத்துக்குள் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், பின்னால் குதிரை வண்டி வந்தால் அது பின்வாங்கிப் போவது கஷ்டம்.

---

வடக்குவாசல் எழுதியது:

அப்படியானால் இது சரியா பாருங்கள். வெள்ளி: காலை ஆமிஷ் வில்லேஜ், மதியம் ரயில், தோப்பில் சாப்பாடு, மாலை ரயில்வே மியூசியம். சனி: காலை ஹான்ஸ் ஹெர் வீடு, மதியம் லங்காஸ்டர் சென்ட்ரல் மார்க்கெட், மாலை சைட் அண்ட் சவுண்ட் நாடகம், இரவு திரும்புதல்.

---

கரிப்புகை எழுதியது:

மியூசியத்தை மாலைக்குத் தள்ளாதீர்கள், 5 மணிக்கு மூடினால் அப்பாவுக்குப் பாதிதான். வெள்ளி காலை மியூசியம், முதல் அல்லது இரண்டாம் ரயிலில் தோப்பு, திரும்பி வந்து ஆமிஷ் வில்லேஜ்.

---

மைல்கல் எழுதியது:

சனியும் தலைகீழ். சென்ட்ரல் மார்க்கெட் செவ்வாய், வெள்ளி, சனி மட்டும்தான். அதிகாலையில் திறந்து பிற்பகல் 2, 3 மணிக்கெல்லாம் மூடிவிடும். நல்ல கடைகள் அதற்கு முன்பே காலி. காலை 8 மணிக்கு அங்கே இருங்கள், 1889ஆம் வருடக் கட்டடம், உள்ளே நெரிசல், அம்மாவை ஓரமாக ஒரு இடம் பார்த்து உட்கார வைத்துவிட்டுச் சுற்றுங்கள். பிறகு ஹான்ஸ் ஹெர் வீடு. நாடகம் 2,000 பேர் உட்காரும் அரங்கம், மேடையில் நிஜ ஒட்டகமும் குதிரையும் வரும், எல்லாம் பைபிள் கதை. ஞாயிறு காட்சி இல்லாததால் சனிக்கிழமை டிக்கெட் முதலில் தீர்ந்துபோகும், இன்றே பாருங்கள். முன் வரிசை வேண்டாம். மேடை மூன்று பக்கமும் சுற்றி வளைந்து வரும், நடுவில் உட்கார்ந்தால்தான் அம்மா கழுத்தைத் திருப்பாமல் பார்க்க முடியும்.